சின்ன ட்ரோனில் நகரும் டைம்லாப்ஸ் வீடியோ

மொட்டு மலர்வது, மேகம் ஓடுவது, கட்டடம் எழுவது போன்ற மெதுவான நிகழ்வுகளைச் சில விநாடிகளில் ஓட்டிக் காட்டும் வீடியோக்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இதனை டைம்லாப்ஸ் என்கிறோம். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு போட்டோவாக எடுத்து, அவற்றை வரிசையாக இணைத்து வேகமாக ஓட்டினால் டைம்லாப்ஸ் வீடியோ தயார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுப்பது சாதாரண டைம்லாப்ஸ். கேமராவும் சேர்ந்து மெல்ல நகர்ந்தால் அது நகரும் டைம்லாப்ஸ். ஆங்கிலத்தில் ஹைப்பர்லாப்ஸ் என்கின்றனர்.

இதற்கான பாடங்களைத் தேடினால் துபாய், ஹாங்காங் போன்ற நகரங்களின் உயர்ந்த கட்டடங்களும் இரவு நேரக் கார் விளக்குகளும்தான் எடுத்துக்காட்டாகக் கிடைக்கின்றன. நான் ட்ரோன் பறக்கவிடுவது அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில். இங்கே கட்டடமும் இல்லை, போக்குவரத்து நெரிசலும் இல்லை. கரிசல் காடு, சீமைக் கருவேலம், பனை மரங்கள், கண்மாய்கள், இவ்வளவுதான். ஆனாலும் நகரும் டைம்லாப்ஸுக்கு இது நல்ல இடம். அதற்கான காரணத்தையும், எடுக்கும் முறையையும், கம்ப்யூட்டரில் தொகுக்கும் வழியையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கொஞ்சம் வரலாறு

கேமராவை நகர்த்தியபடி டைம்லாப்ஸ் எடுப்பது புதிய விஷயம் அல்ல. அமெரிக்க ஒளிப்பதிவாளர் ரான் ஃபிரிக்கி 1985ல் 'குரோனோஸ்' என்ற படத்தையும், 1992ல் 'பராகா' என்ற படத்தையும் இயக்கினார். மோட்டார் மூலம் கேமராவை மிக மெதுவாக நகர்த்தும் கருவிகளைக் கொண்டு இவற்றில் பல காட்சிகள் எடுக்கப்பட்டன. அன்று அது சினிமாக்காரர்களுக்கு மட்டுமே எட்டும் வேலை.

2014ல் மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள், நடந்துகொண்டே எடுத்த வீடியோவைக் குலுக்கல் இல்லாத நகரும் டைம்லாப்ஸாக மாற்றும் முறையை வெளியிட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் நிறுவனம் 'ஹைப்பர்லாப்ஸ்' என்ற தனி அப்ளிகேஷனைத் தந்தது. 2022ல் அது நிறுத்தப்பட்டது. 2018 ஆகஸ்டில் டிஜேஐ நிறுவனம் வெளியிட்ட மேவிக் 2 ட்ரோனில் ஹைப்பர்லாப்ஸ் வசதி உள்ளேயே இணைக்கப்பட்டு வந்தது. அதன்பின் பல மாடல்களில் இது கிடைக்கிறது.

என்னிடம் இருப்பது 249 கிராம் எடை கொண்ட பழைய சிறிய மாடல். இதில் ஹைப்பர்லாப்ஸ் வசதி இல்லை. இரண்டு விநாடிக்கு ஒரு முறை தானாகப் போட்டோ எடுக்கும் 'டைம்டு ஷாட்' வசதி மட்டும் உண்டு. இதுவே போதும். எனவே, இங்கு சொல்லப்படும் முறையை எந்தச் சிறிய ட்ரோனிலும் பின்பற்றலாம்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 'ட்ரோன் விதிகள் 2021' நடைமுறையில் உள்ளன. இதன்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ ட்ரோன்கள். அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ ட்ரோன்கள். நானோ ட்ரோனை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோனை இயக்கவும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோ ட்ரோனைக் கொண்டு காசு வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுத்தால் சான்றிதழ் வேண்டும். விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

பறக்கும் இடத்தை டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பார்த்திட வேண்டும். பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை அனுமதி உண்டு. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் இது 60 மீட்டராகக் குறைகிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மதுரை விமான நிலையத்திலிருந்து 30 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் உள்ளன. இருந்தாலும் மண்டலங்கள் மாற்றப்படலாம் என்பதால், பறக்கும் நாளில் ஒரு முறை வரைபடத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ட்ரோனுக்கான பதிவு விதிகளையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு முக்கியத் தகவல். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோனை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்துள்ளது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்ற பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சானிடம், "வரும்போது ஒரு ட்ரோன் வாங்கி வா" என்று சொல்லிவிடாதீர்கள். விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதல் ஆக வாய்ப்பு உண்டு.

சட்டம் சொல்வது போக, ஊர் முறை ஒன்று இருக்கிறது. கண்மாய்ப் படித்துறைகளில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே ட்ரோனைத் திருப்பக் கூடாது. திருச்சுழி திருமேனிநாதர் கோவில் போன்ற இடங்களில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பறக்கவிட வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடமும் பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

எதைப் படம் பிடிப்பது?

நகரும் டைம்லாப்ஸில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. ஒன்று, கேமராவின் அசைவு. மற்றொன்று, காட்சிக்குள் இருக்கும் பொருளின் அசைவு. இரண்டாவது இல்லையென்றால், அது வேகமாக ஓட்டிய சாதாரண ட்ரோன் வீடியோவாகவே தெரியும். ஆகவே ட்ரோனை எடுக்கும் முன், "இந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இங்கே எது மாறப் போகிறது?" என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் நான்கு விடைகள் கிடைக்கின்றன.

1. நிழல்: சூரியன் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 டிகிரி நகர்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் காலையில் சூரியன் ஏறக்குறைய நெட்டாக ஏறும். 15 மீட்டர் உயரப் பனை மரத்தை எடுத்துக்கொள்வோம். சூரியன் அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதன் நிழல் சுமார் 170 மீட்டர் நீளம் இருக்கும். இருபது நிமிடம் கழித்து சூரியன் 10 டிகிரிக்கு வரும்போது நிழல் 85 மீட்டராகச் சுருங்கிவிடும். நண்பகலில் இதே இருபது நிமிடத்தில் நிழல் அசைந்ததே தெரியாது. வரிசையாகப் பனை நிற்கும் இடத்தில், விடிந்த அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் நிழல்கள் எல்லாம் ஒன்றாக உள்ளிழுக்கப்படுவது போல் தெரியும்.

2. மேக நிழல்: சமமான கரிசல் நிலத்தில் மேக நிழல் ஓடுவது தெளிவாகத் தெரியும். மேலே காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசினால், இரண்டு விநாடி இடைவெளியில் நிழல் 16 மீட்டர் நகர்ந்திருக்கும். இது நல்ல அளவு.

3. கரி மூட்டம்: சீமைக் கருவேல விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்கும் மூட்டங்கள் இந்தப் பகுதியில் பல இடங்களில் உண்டு. அதிகாலையில் புகை மேலே போகாமல் தரையோடு படர்ந்து நகரும். மூட்டம் போடுபவரிடம் கேட்டுக்கொண்டு, காற்றுக்கு மேல் பக்கமாக நின்று எடுக்கவும். புகைக்குள் ட்ரோனை விட வேண்டாம். வேலை செய்பவர்கள் தலைக்கு மேலும் வேண்டாம்.

4. கண்மாய்த் தண்ணீர்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் தண்ணீர் வரும். பங்குனிக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். தண்ணீர் உள்வாய்க்குள் வந்து ஏறும் அந்த ஓரிரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். மழை பொய்த்தால் அதற்கும் மேல். எனவே, மற்ற மூன்றையும் பயிற்சியாக எடுத்துப் பழகிவிட்டு இதற்குத் தயாராக இருப்பது நல்லது.

எத்தனை போட்டோ? எவ்வளவு நேரம்?

நம் ஊரில் வீடியோவை விநாடிக்கு 25 பிரேம் என்று வைப்பது வழக்கம். அதாவது 25 போட்டோக்கள் சேர்ந்தால் ஒரு விநாடி. பத்து விநாடி வீடியோவுக்கு 250 போட்டோக்கள். இரண்டு விநாடிக்கு ஒன்று எடுத்தால் 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி ட்ரோன் வானில் இருக்க வேண்டும்.

பேட்டரி எவ்வளவு தாங்கும்? பெட்டியில் 31 நிமிடம் என்று போட்டிருந்தால் அது காற்றில்லாத இடத்தில் சோதித்த அளவு. 25 சதவீதத்துக்கு மேல் மிச்சம் வைத்து இறக்குவது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் 18 நிமிடம் கிடைக்கும். மேலே ஏற்றிக் காட்சியைச் சரி செய்ய 2 நிமிடம், திரும்பி இறங்க 2 நிமிடம் போக, 14 நிமிடம் மிச்சம். இது 840 விநாடி. இதை வைத்துக் கணக்கிடலாம்.

2 விநாடி இடைவெளி என்றால் 420 போட்டோக்கள், வீடியோ 16.8 விநாடி.
3 விநாடி இடைவெளி என்றால் 280 போட்டோக்கள், வீடியோ 11.2 விநாடி.
5 விநாடி இடைவெளி என்றால் 168 போட்டோக்கள், வீடியோ 6.7 விநாடி.

மேகம், புகை, ஓடும் தண்ணீர் ஆகியவற்றுக்கு 2 விநாடியும், நிழலுக்கு 3 விநாடியும் சரியாக வருகின்றன. 5 விநாடிக்கு மேல் போனால் ஒரு பேட்டரியில் கிடைக்கும் வீடியோ மிகவும் சிறிதாகிவிடுகிறது.

ட்ரோன் எவ்வளவு வேகம் போகலாம்?

புதிதாக எடுப்பவர்கள் ட்ரோனை வேகமாகச் செலுத்திவிடுவது இயல்பு. கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்பது நாம் நடப்பதைவிடக் குறைவு. இரண்டு விநாடிக்கு ஒரு போட்டோ என்றால் ஒவ்வொரு போட்டோவுக்கும் 1 மீட்டர் நகர்கிறது. வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 போட்டோ ஓடுவதால், பார்ப்பவருக்கு விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. வேகம்! நான்கு வழிச் சாலையில் பஸ் போவது போல் இருக்கும்.

நான் பின்பற்றும் சுலபக் கணக்கு இது: கேமராவுக்கும் மிக அருகில் தெரியும் பொருளுக்கும் உள்ள தூரத்தில், ஒரு போட்டோவுக்கும் அடுத்ததற்கும் இடையே 1 சதவீதத்துக்கு மேல் நகரக் கூடாது. 60 மீட்டர் தூரம் என்றால் 0.6 மீட்டர். 2 விநாடி இடைவெளியில் இது விநாடிக்கு 0.3 மீட்டர் வேகம். 500 விநாடியில் 150 மீட்டர் தூரம். இவ்வளவு தூரத்தில் சிறிய ட்ரோனும் கண்ணுக்குத் தெரியும்; கண் பார்வைக்குள் பறக்க வேண்டும் என்ற விதிக்கும் பொருந்தும். 30 மீட்டர் உயரத்தில் பறந்தால் வேகத்தையும் பாதியாக்குங்கள்.

ரிமோட்டில் சினி மோடைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டிக்கின் வேகம் குறையும். திரையில் ஓடும் வேக அளவைப் பார்த்தபடி 0.3ல் நிறுத்திப் பழகவும். கை பழகும் வரை நேராக மேலே ஏறும் காட்சியை மட்டும் எடுங்கள். ஜி.பி.எஸ். ட்ரோனை அதே இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு ஸ்டிக்கை மட்டும் கவனித்தால் போதும். அடுத்தது பின்னோக்கி நகர்வது. பக்கவாட்டில் நகர்வதும் வட்டமடிப்பதும் கடைசியில்.

ஹைப்பர்லாப்ஸ் வசதி உள்ள ட்ரோன்களில் ப்ரீ, சர்க்கிள், கோர்ஸ் லாக், வேபாயிண்ட் என நான்கு பிரிவுகள் உண்டு. ப்ரீ என்பது நாமே ஓட்டுவது. சர்க்கிள், குறித்த பொருளைச் சுற்றி வருவது. கோர்ஸ் லாக், ஒரே திசையில் நேராகப் போவது. வேபாயிண்ட், நாம் குறித்துவைத்த புள்ளிகள் வழியாகப் போவது. வேகக் கணக்கு நான்குக்கும் ஒன்றுதான்.

கேமரா செட்டிங்ஸ்

1. ஆட்டோவில் இருந்து மேனுவலுக்கு மாற்றவும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு போட்டோவும் வெவ்வேறு வெளிச்சத்தில் பதிவாகி, வீடியோ மினுக் மினுக்கென்று அடிக்கும்.

2. ஐ.எஸ்.ஓ. 100ல் வைக்கவும். ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வினில் நிலையாக வைக்கவும்.

3. அப்பெர்ச்சர் எஃப் 2.8 என நிலையாக உள்ள கேமராவில், உச்சி வெயிலில் ஷட்டர் வேகம் விநாடியில் 3200ல் ஒரு பங்கு வரும். இவ்வளவு வேகத்தில் ஒவ்வொரு போட்டோவும் வெட்டியது போல் இருப்பதால் வீடியோ துள்ளும். என்.டி. 64 பில்டர் போட்டால் இது 50ல் ஒரு பங்காகக் குறைந்து அசைவு மென்மையாகத் தெரியும். காலை வெளிச்சத்தில் 400ல் ஒரு பங்கு காட்டினால் என்.டி. 16 போதும், 25ல் ஒரு பங்கு கிடைக்கும்.

4. பில்டருக்கும் எடை உண்டு என்பதை மறக்க வேண்டாம். 249 கிராம் ட்ரோன், பில்டரும் இறக்கைக் காப்பும் சேர்ந்தால் 250ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடலாம். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

5. சிறிய ட்ரோன்கள் பலவற்றில் 2 விநாடி இடைவெளி ஜேபெக் வகைக்கு மட்டும் கிடைக்கும். ரா வகையில் இடைவெளி கூடும். ஜேபெக்கே வைத்துக்கொள்ளலாம். ஒன்று 5 எம்.பி. என்றால் 420 போட்டோவுக்கு 2.1 ஜி.பி. ஆகும்.

டைம்டு ஷாட் வசதியும் இல்லாத ட்ரோன் என்றால், அதே மெதுவான வேகத்தில் வீடியோவாக எடுத்துக் கம்ப்யூட்டரில் 50 மடங்கு வேகமாக்கலாம். 25 பிரேம் வீடியோவை 50 மடங்கு வேகமாக்குவது, 2 விநாடிக்கு ஒரு பிரேம் எடுத்ததற்குச் சமம். 500 விநாடி வீடியோ 10 விநாடியாகும். 100 மெகாபிட் தரத்தில் இதற்கு 6.25 ஜி.பி. இடம் வேண்டும்.

காற்று, வெயில், தூசி

ஆடிக் காற்றில் சிறிய ட்ரோனை எடுக்க வேண்டாம். கீழே சேலை மட்டும் ஆடும் அளவு காற்று என்றால், 60 மீட்டர் உயரத்தில் அதைவிட அதிகமாக இருக்கும். விநாடிக்கு 10 மீட்டர் என்பது இந்த வகை ட்ரோன்களின் எல்லை. டைம்லாப்ஸுக்கு அதில் பாதிக்கு மேல் இருந்தாலே படம் குலுங்கும். தை, மாசி மாதக் காலைகள் அமைதியானவை.

பெரும்பாலான சிறிய ட்ரோன்களின் வெப்ப எல்லை 40 டிகிரி. சித்திரை வெயிலில் நண்பகலில் பறக்கவிட்டால் ட்ரோனுக்கு முன் உங்கள் செல்போன் சூடேறி நின்றுவிடும்.

கரிசல் தூசி மோட்டாருக்கும் கேமரா அசையும் பகுதிக்கும் எதிரி. ஒரு சாக்கை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, அதிலிருந்து ஏற்றி இறக்கவும். மதகின் இரும்புக் கதவு, டிராக்டர் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ட்ரோனின் காம்பஸ் குழம்பும். மின்கம்பிகள் செல்போன் திரையில் தெரியாது. நடந்து போய்க் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். பருந்து வட்டமிட ஆரம்பித்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.

கண்மாயில் ஒரு செய்முறை

எங்கள் பகுதிக் கண்மாய் ஒன்றில் நான் எடுக்கும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதலில், கூகுள் எர்த் சாப்ட்வேரில் கண்மாயைத் தேடிப் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்த்தேன். கரை, மதகு, கலுங்கு, வரத்துக்கால்கள் எங்கே உள்ளன, தண்ணீர் எதுவரை நின்றிருக்கிறது என்பது இதில் தெரியும். அதன்படி, இரண்டு வரத்துக்கால்களும் ஒரே காட்சியில் வரும்படி 150 மீட்டர் பாதை ஒன்றைக் கரைக்கு இணையாகத் தேர்ந்தெடுத்தேன்.

கரையில் ட்ரோன் ஏற்றும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று. நோட்டில் நான்கு குறிப்புகள்: உயரம் 60 மீட்டர், கேமரா சாய்வு 30 டிகிரி, தொடங்கும்போது மதகு திரையின் இடது ஓரம், முடியும்போது ஒற்றைப் பனை வலது ஓரம்.

கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை எடுத்தேன். ட்ரோன் நனையக் கூடாது. மழை நின்ற பிறகும் வரத்துக்காலில் பல மணி நேரம் தண்ணீர் வரும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. 2 விநாடி இடைவெளியில் 14 நிமிடம்.

கரையில் நின்று பார்த்தபோது கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது என்பது மட்டுமே தெரிந்தது. வீடியோவை ஓட்டியபோது வேறு விஷயம் தெரிந்தது. வடக்கு வரத்துக்கால் வாயில் நுரையும் சருகும் சுழன்று உள்ளே வந்துகொண்டே இருந்தன. கிழக்கு வாயில் ஒரு சருகுகூட இடம் மாறவில்லை. அங்கே நின்றது கண்மாய்த் தண்ணீர்தான். கால்வாய்த் தண்ணீர் வரவே இல்லை. ஊர்க்காரர்கள் டிவியில் இதைப் பார்த்துவிட்டுக் கால்வாயோடு நடந்து போனார்கள். மேலே ஓரிடத்தில் சீமைக் கருவேலம் மண்டி, மண் மேடிட்டுத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குத் திரும்பியிருந்தது.

ஒரு போட்டோவில் இது தெரியாது. இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளக்கும். சாதாரண வீடியோவிலும் தெரியாது. அவ்வளவு மெதுவான ஓட்டம் கண்ணில் படாது. கேமரா நகர்வதால் இரண்டு வாய்களும் ஒரே வீடியோவில் அடுத்தடுத்து வருகின்றன. காலம் சுருங்குவதால் ஓட்டம் தெரிகிறது.

அதே பாதை, வேறு மாதம்

கால்வாயைத் துப்புரவு செய்தபின் அடுத்த மழைக்கு அதே கல்லில் இருந்து, அதே உயரத்தில், அதே பாதையில் மறுபடி எடுத்தேன். இந்த முறை இரண்டு பக்கமும் சருகு உள்ளே வந்தது. இரண்டு வீடியோக்களையும் திரையில் மேலும் கீழுமாக வைத்து ஓட்டினால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சிறிய ட்ரோனின் ஜி.பி.எஸ். ஒன்றிரண்டு மீட்டர் முன்பின் காட்டும். எனவே எண்களை மட்டும் நம்பாமல், மதகு, பனை, கோவில் கோபுரம் போன்ற மாறாத அடையாளங்களைத் திரையில் அதே இடத்தில் கொண்டுவந்து தொடங்கவும். வேபாயிண்ட் வசதி உள்ளவர்கள் பாதையைச் சேமித்து வைத்து மீண்டும் எடுக்கலாம். அடையாளப் பொருத்தம் அப்போதும் தேவை.

இப்படி ஐப்பசியில் வறண்ட கண்மாய், தையில் நிறைந்த கண்மாய், பங்குனியில் வற்றும் கண்மாய் என மூன்று முறை எடுத்து வைத்தால் உங்கள் ஊருக்கு அது ஓர் ஆவணம். தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. பதினைந்து விநாடி வீடியோவைப் போட்டுக்காட்ட அது பொருத்தமான நாள்.

கம்ப்யூட்டரில் தொகுத்தல்

டாவின்சி ரிசால்வ் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும்.

1. போட்டோக்கள் அனைத்தையும் தனிப் போல்டரில் காப்பி செய்திடவும். வேறு படங்கள் அதில் இருக்கக் கூடாது. பைல் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

2. புதிய பிராஜெக்ட் திறந்து, பிராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் பிரேம் ரேட் 25, ரெசல்யூசன் 1920 × 1080 எனத் தரவும். பைல்களைக் கொண்டுவரும் முன்பே இதைச் செய்திட வேண்டும். பின்னர் பிரேம் ரேட்டை மாற்ற முடியாது.

3. மீடியா பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைக் கிளிக் செய்து, 'பிரேம் டிஸ்ப்ளே மோட்' என்பதில் 'சீக்குவன்ஸ்' தேர்ந்தெடுக்கவும். இப்போது 420 போட்டோக்களும் ஒரே கிளிப்பாகக் காட்டப்படும். அதனை மீடியா பூலுக்கு இழுத்துவிட்டு, டைம்லைனில் வைக்கவும்.

4. இன்ஸ்பெக்டர் பிரிவில் 'ஸ்டெபிலைசேஷன்' திறந்து ஸ்டெபிலைஸ் பட்டனை அழுத்தவும். 'கேமரா லாக்' என்பதில் டிக் செய்ய வேண்டாம். அது நிலையான கேமராவுக்கானது. போட்டோவின் அகலம் 4000 பிக்ஸெல், வீடியோ 1920 பிக்ஸெல் என்பதால், குலுக்கலைச் சரி செய்ய ஓரங்களை வெட்டினாலும் தெளிவு குறையாது.

5. டெலிவர் பக்கத்தில் எம்பி4, எச்.264 தேர்ந்தெடுத்து ரெண்டர் செய்திடவும். 20 மெகாபிட் தரத்தில் 17 விநாடி வீடியோ சுமார் 42 எம்.பி. வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமெண்ட் ஆக அனுப்பினால் தரம் குறையாது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வெர்ச்சுவல்டப் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். முதல் போட்டோவைத் திறந்தால் மற்றவை வரிசையாகத் தானே வந்துவிடும். பிரேம் ரேட்டை 25 ஆக மாற்றவும். குலுக்கலுக்கு 'டீஷேக்கர்', மினுக்கலுக்கு 'எம்.எஸ்.யு. டிஃப்ளிக்கர்' ஆகிய இலவச பில்டர்களை இதில் இணைக்கலாம்.

வேலை முடிந்ததும் போட்டோக்களை அழித்துவிட வேண்டாம். வீடியோவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம்; தண்ணீர் வந்த அந்தக் காலையை மறுபடி எடுக்க முடியாது. ஆண்டு, மாதம், கண்மாய்ப் பெயர் ஆகியவற்றைப் போல்டருக்குப் பெயராகத் தந்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பனை நிழலில் தொடங்கிப் பாருங்கள். நான்கைந்து காலைகளில் கை பழகிவிடும். மழை வரும்போது உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சுண்ணாம்புக் கல் தயாராக இருக்கட்டும்.